ஈரக் கரித்துணியும் கையின் தவறான கணக்கும்

சென்ற மாதம் ஒரு காலையில், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்குவதற்காகக் கைக்கு எட்டிய கரித்துணியை எடுத்து விளிம்பைப் பிடித்தேன். துணி நான்கு மடிப்பாகத் தடிமனாகத்தான் இருந்தது. தினமும் அதே துணியால்தான் அதே பாத்திரத்தை இறக்குகிறேன். ஆனால் அன்று அடுப்பிலிருந்து மேடைக்கு வருவதற்குள், அதாவது இரண்டே நொடிகளில், விரல் நுனிகளில் சுரீரென்று சூடு ஏறி, பாத்திரத்தைக் கிட்டத்தட்ட எறிவதுபோல வைக்க வேண்டியதாயிற்று. சற்று முன்பு யாரோ அந்தத் துணியால் மேடையைத் துடைத்திருந்ததால் அது ஈரமாக இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ‘யாரோ’ என்றால் பெரும்பாலும் நான்தான். கட்டைவிரலில் எழுந்த கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும், எதைத் தொட்டாலும் அந்த விரல் என்ன சொல்கிறது என்று கவனிக்கத் தொடங்கியதன் விளைவுதான் இந்தப் பதிவு.

உலர்ந்த பருத்தித் துணி சூட்டைத் தடுக்கிறது என்று நாம் சொல்வது பாதி உண்மைதான். அங்கே பெரும்பாலான வேலையைச் செய்வது நூலிழைகளுக்கு நடுவே அடைபட்டிருக்கும் காற்று. அசையாமல் நிற்கும் காற்றின் வெப்பக் கடத்துத்திறன், மீட்டருக்கு டிகிரிக்கு இத்தனை வாட் என்று அளக்கும் கணக்கில், ஏறத்தாழ 0.026. தண்ணீருக்கு அது 0.6. துணி நனையும்போது, காற்று குடியிருந்த சந்துபொந்துகளையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. வாசலில் காவல் நின்றவரை அனுப்பிவிட்டு, அவரைவிட இருபத்து மூன்று மடங்கு தாராளமாக வழிவிடும் ஒருவரை நிறுத்தியதுபோல ஆகிவிடுகிறது.

அதோடு முடிந்திருந்தால் கொப்புளம் வரை போயிருக்காது என்று நினைக்கிறேன். தீ நாக்கு தொட்டுக்கொண்டிருந்த விளிம்பு நூறு டிகிரியைத் தாண்டியிருந்ததால், துணியில் இருந்த ஈரம் அங்கே நீராவியாக மாறி, துணியைக் கடந்து, ஒப்பீட்டளவில் குளிர்ந்த என் விரலின் மேல் மீண்டும் நீராகப் படிந்திருக்க வேண்டும். ஒரு கிராம் கொதிநீர் நூறு டிகிரியிலிருந்து உடல் வெப்பநிலைக்கு இறங்கும்போது விடுவது சுமார் 264 ஜூல்தான். ஒரு கிராம் நீராவி அதே நிலைக்கு வரும்போதோ, நீராக மாறும் அந்த ஒரு கணத்தில் மட்டும் 2257 ஜூலைக் கொட்டிவிட்டு, அதற்குப் பிறகு இந்த 264-ஐயும் தருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜோசப் பிளாக் என்னும் ஸ்காட்லாந்து வேதியியலாளர் இதற்கு ‘உள்ளுறை வெப்பம்’ என்று பெயரிட்டார். வெப்பமானியில் தெரியாமல் உள்ளே ஒளிந்திருக்கும் வெப்பம் என்பது அவர் கருத்து. கொதிநீர் பட்ட காயத்தைவிட ஆவி அடித்த காயம் ஏன் ஆழமாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விடை கிடையாது.

பள்ளியில் இந்தப் பாடம் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று மூன்று பெட்டிகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. மூன்றுக்கும் மூன்று படங்கள், மூன்று எடுத்துக்காட்டுகள், தேர்வில் வேறுபடுத்திக் காட்டச் சொல்லி ஒரு கேள்வி. எனக்கு இதில் நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. அந்தப் பிரிவினை தவறில்லை. ஆனால் அன்றாட வாழ்வில் இவை மூன்றும் தனித்தனியே வந்து நின்று நான் பார்த்ததில்லை. மேற்சொன்ன இரண்டு நொடிகளுக்குள்ளேயே கடத்தல் இருந்தது, ஆவியின் பயணம் இருந்தது, தீயிலிருந்து நேராகப் புறங்கையில் பட்ட கதிர்வீச்சும் இருந்தது. எது எவ்வளவு என்பதுதான் கேள்வியே தவிர, எது என்பதல்ல.

கொப்புளத்தோடு இருந்த நாட்களில் முதலில் எனக்குப் புலப்பட்டது, கை ஒரு வெப்பமானி அல்ல என்பது. மேசை இழுப்பறையில் பல நாட்களாகத் தொடப்படாமல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தேன். அதன் அலகு ஜில்லென்று இருந்தது, பிளாஸ்டிக் பிடியில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. இரண்டும் ஒரே இழுப்பறையில், ஒரே காற்றில், மாதக்கணக்காகக் கிடந்தவை. இரண்டின் வெப்பநிலையும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். வெப்பமானியை இரண்டின் மீதும் மாறி மாறி வைத்துப் பார்த்தபோது இரண்டிலும் 25 டிகிரிதான் காட்டியது. ஆக, பொய் சொன்னது கைதான். இன்னும் நியாயமாகச் சொன்னால், கை வேறொரு கேள்விக்கு உண்மையான விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

தோலுக்கு அடியில் இருக்கும் உணர்நரம்புகளுக்குத் தெரிவது வெளியே இருக்கும் பொருளின் வெப்பநிலை அல்ல. தோலின் வெப்பநிலை எவ்வளவு, அது எந்த வேகத்தில் மாறுகிறது என்பது மட்டுமே. 33 டிகிரியில் இருக்கும் விரல் 25 டிகிரியில் இருக்கும் இரும்பைத் தொடும்போது, தொட்ட இடம் இரண்டுக்கும் நடுவே ஒரு வெப்பநிலைக்கு உடனே வந்து நிற்கிறது. அது சரிபாதியில், அதாவது 29-இல், நிற்பதில்லை. எந்தப் பொருள் வெப்பத்தை வேகமாக உள்ளே இழுத்துக்கொள்ளவோ வெளியே தள்ளவோ வல்லதோ, அதன் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. இந்த வல்லமை கடத்துத்திறன், அடர்த்தி, தன்வெப்பம் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பம்) ஆகிய மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். உலோகத்துக்கு அது தோலைப்போலப் பல மடங்கு. மரத்துக்கோ தோலில் பாதிக்கும் குறைவு. எவர்சில்வர் தட்டைத் தொட்டால் தொட்ட இடம் ஏறத்தாழ 26 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதே அறையில் இருக்கும் மரப்பலகையைத் தொட்டால் 31 அளவில் நின்றுவிடுகிறது. இரண்டு பொருளும் 25-தான். ஆனால் விரலுக்குக் கிடைத்த சேதி ஒன்றில் ஏழு டிகிரி வீழ்ச்சி, மற்றொன்றில் இரண்டு டிகிரி வீழ்ச்சி.

இதே காரணத்தால்தான் வெயிலில் கிடந்த இருசக்கர வண்டியின் உலோகப் பகுதி சுடுகிறது, அதே வெயிலில் அதே அளவு காய்ந்த ரப்பர் பிடி பொறுத்துக்கொள்ளும்படி இருக்கிறது. குளிரில் மிகக் குளிராகத் தோன்றும் பொருளே சூட்டில் மிகச் சூடாகத் தோன்றும். தோலின் வெப்பநிலையான 33, 34 டிகிரியில் எல்லாப் பொருட்களும் இருக்கும் ஓர் அறையில், கண்ணை மூடிக்கொண்டு இரும்பையும் மரத்தையும் தொட்டால், சூட்டை வைத்து வேறுபாடு சொல்ல முடியாது. அத்தகைய ஒரு நாள் வாய்த்தபோது இதைச் செய்து பார்த்தேன். இரும்பு, குளிர்ச்சியும் இல்லாமல் வெம்மையும் இல்லாமல், ஏதோ உயிரற்ற தோலைத் தொட்டதுபோல விசித்திரமாக இருந்தது.

உலோகங்களுக்குள்ளேயே எத்தனை ஏற்றத்தாழ்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். காற்றுக்கும் தண்ணீருக்கும் முன்பு சொன்ன அதே கடத்துத்திறன் அளவுகோலில் வெள்ளி 430-ஐ நெருங்குகிறது, செம்பு 400, அலுமினியம் 237, இரும்பு 80, எவர்சில்வர் வெறும் 15. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் யான் இங்கன்ஹவுஸ் என்னும் டச்சு மருத்துவர், வெவ்வேறு உலோகக் கம்பிகளுக்கு மெழுகு பூசி, ஒரு முனையைச் சூட்டில் வைத்து, எந்தக் கம்பியில் மெழுகு எவ்வளவு தூரம் உருகுகிறது என்று பார்த்தார். எளிமையான சோதனை, ஆனால் கண்ணுக்கு நேரே விடை கிடைத்தது. செம்புக்கும் எவர்சில்வருக்கும் இடையே இருபத்தைந்து மடங்குக்கு மேல் வேறுபாடு இருப்பதால்தான், அடிப்பாகத்தில் செம்போ அலுமினியமோ சேர்த்த எவர்சில்வர் பாத்திரங்கள் விற்கப்படுகின்றன. வெறும் எவர்சில்வர் அடியில், தீ படும் வளையம் மட்டும் கருகிப்போகும். பக்கத்தில் இருக்கும் இடத்துக்கு அந்தச் சூட்டைக் கொண்டு சேர்க்க அதற்குத் திராணி இல்லை. அதே திராணியின்மைதான் நீண்ட எவர்சில்வர் கைப்பிடியை வெறுங்கையால் பிடிக்க முடிவதற்கும் காரணம். குறை, நிறை என்பதெல்லாம் பாத்திரத்தின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்ததுதான். இந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது உலோகமே இல்லை, வைரம். செம்பைப்போல ஐந்து மடங்கு. நகை மதிப்பிடுபவர்கள் சூடான ஊசிமுனைக் கருவியால் கல்லைத் தொட்டுப் பார்ப்பது, அது சூட்டை எவ்வளவு வேகமாகக் கொண்டு ஓடுகிறது என்பதைக் காண்பதற்காகத்தான்.

இந்த ஆராய்ச்சிகளுக்கு நடுவே என் மகள் வந்து சேர்ந்தாள். ஐஸ் கட்டியைக் கம்பளியில் சுற்றி வைத்தால் சீக்கிரம் உருகுமா, மெதுவாக உருகுமா என்று கேட்டேன். “கம்பளி சூடு கொடுக்குமே அப்பா, சீக்கிரம் உருகிவிடும்” என்றாள். பத்து வயதில் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஒரே அச்சில் எடுத்த இரண்டு கட்டிகளை ஒரே மாதிரிக் கிண்ணங்களில் வைத்து, ஒன்றைத் திறந்தபடி விட்டு, மற்றொன்றைக் கம்பளித் தொப்பிக்குள் கிண்ணத்தோடு நுழைத்து மூடினோம். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்த கிண்ணத்தில் கண்ணாடிச் சில்லு போல ஒன்று மிதந்துகொண்டிருந்தது. தொப்பிக்குள் இருந்தது, மூலைகள் மழுங்கியிருந்தாலும் கட்டியாகவே இருந்தது. அவள் சிறிது நேரம் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதே கம்பளிக்குத் தெரியாதா அப்பா?” என்று கேட்டாள். நான் சொல்ல நினைத்திருந்த விளக்கம் எதுவும் அந்தக் கேள்வியைவிடச் சிறப்பாக இல்லை என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

கம்பளிக்குத் தெரியாது. அது சூட்டை உண்டாக்குவதும் இல்லை, குளிரை விரட்டுவதும் இல்லை. சுருள் சுருளான இழைகளுக்குள் காற்றைச் சிறு சிறு அறைகளாகப் பிடித்து அசையவிடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பொருட்களைப் பொதிந்து அனுப்பும் தெர்மாகோலும் இதே வகைதான். அதன் பருமனில் சுமார் நூற்றுக்கு 98 பங்கு காற்று. பறவை குளிரில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்துபோல உட்காருவதும், ஒரு தடித்த சட்டைக்குப் பதில் இரண்டு மெல்லிய சட்டைகள் கூடுதல் கதகதப்பாக இருப்பதும், அடைபட்ட காற்றின் கைங்கரியமே.

இங்கே ‘அடைபட்ட’ என்ற சொல்தான் முக்கியம். காற்று மிக மோசமான கடத்தி. ஆனால் அதற்கு நகர இடம் கொடுத்தால், சூட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு தானே நடந்துவிடும். குளிர்ப் பிரதேசங்களில் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடும்போது, இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே காற்று அதிகமாக இருந்தால் தடையும் அதிகமாக இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஒரு எல்லை வரை அது சரி. இடைவெளி ஏறத்தாழ 16 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால், சூடான கண்ணாடியை ஒட்டிய காற்று மேலே ஏற, குளிர்ந்த கண்ணாடியை ஒட்டிய காற்று கீழே இறங்க, உள்ளேயே ஒரு சுழற்சி தொடங்கிவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு அகலப்படுத்தினாலும் பயன் கூடுவதில்லை.

மின்விசிறி இந்தச் சலனத்தின் மறுபக்கம். விசிறி அறையைக் குளிர்விக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆளில்லாத அறையில் அதை ஓடவிட்டுப் போகிறவர்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உண்டு. ஓடும் விசிறியின் கீழே ஒரு வெப்பமானியை வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒரு டிகிரிகூட இறங்கியிருக்காது. பழைய வகை விசிறி எடுத்துக்கொள்ளும் 75 வாட் மின்சாரம் முழுவதும் இறுதியில் அந்த அறைக்குள்ளேயே வெப்பமாகத்தான் முடிகிறது என்பதால், கணக்குப்படி அறை துளி சூடாகத்தான் செய்யும். விசிறி செய்வது வேறு வேலை. நம் தோலை ஒட்டிக்கொண்டு, நம் உடலாலேயே சூடாகி, நம் வியர்வையாலேயே ஈரமாகி, போர்வைபோலக் கிடக்கும் ஒரு மெல்லிய காற்றுப்படலத்தை அது உரித்து எடுக்கிறது. அந்த வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு மறுபடியும் விசிறியின் கீழ் வைத்தால் இப்போது பாதரசம் சரசரவென்று இறங்கும். வெப்பமானிக்கும் வியர்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்பதுதான் காரணம்.

ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து எடுத்துச் செல்வது சுமார் 2400 ஜூல். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் ஆவியானால், அது 670 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் உண்டாக்குவது 100 வாட் சுற்றளவில்தான். காற்று தோலைவிடச் சூடாக இருக்கும் நாட்களில், விசிறி ஒரு பக்கம் நமக்குச் சூட்டைத்தான் ஊட்டிக்கொண்டிருக்கிறது; மறுபக்கம் வியர்வையை உலர்த்தி அதைவிட அதிகமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்து வியர்வை உலராமல் வழியத் தொடங்கினால் இந்த இரண்டாம் பக்கம் படுத்துவிடும். புழுக்கம் என்று நாம் சொல்வது அதைத்தான்.

ஆறுவதைப் பற்றிப் பேசும்போது குளியல் வாளியைச் சொல்லாமல் விட முடியாது. கொதிக்கக் காய்ச்சிய நீரை வாளியில் ஊற்றியாயிற்று, அருகே பச்சைத் தண்ணீர் இருக்கிறது, விளாவப் போகும் நேரத்தில் தொலைபேசி ஒலிக்கிறது; பத்து நிமிடம் ஆகும். விளாவிவிட்டுப் போக வேண்டுமா, வந்து விளாவ வேண்டுமா? ஒரு பொருள் ஆறும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் இருக்கும் வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்று 1701-இல் நியூட்டன், தம் பெயரைக்கூடப் போடாமல், ஒரு கட்டுரையில் எழுதினார். கொதிநீர் தனியாக இருக்கும்போது அந்த வேறுபாடு மிக அதிகம். அதோடு, அந்தச் சூட்டில் மேற்பரப்பிலிருந்து ஆவி கண்மண் தெரியாமல் பறக்கிறது. விளாவிய நீர் வேறுபாடும் குறைந்து, அளவும் பெருகி, நிதானமாக ஆறும். ஆகவே விளாவிவிட்டுப் போவதே மேல். ஒரு தட்டால் மூடிவிட்டுப் போனால் இன்னும் மேல்; திறந்த வெந்நீர் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு ஆவி வழியாகவே போகிறது.

கதிர்வீச்சுக்கு வருவதற்கு எனக்கு ஓர் அசடு வழிந்த சம்பவம் உதவியது. கொப்புளம் ஆறிய கையோடு, தொடாமலேயே வெப்பநிலையைக் காட்டும், துப்பாக்கி வடிவிலான ஓர் அகச்சிவப்பு வெப்பமானியை வாங்கினேன். வந்தவுடன் கொதித்துக்கொண்டிருந்த எவர்சில்வர் பாத்திரத்தின் பளபளப்பான பக்கத்தை நோக்கி அழுத்தினால், 41 டிகிரி என்றது. உள்ளே நீர் குமிழியிட்டுக் கொதிக்கிறது, வெளியே 41. கருவி பழுது என்று விற்றவர்களுக்குச் சற்றுக் காரசாரமாகவே ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். பாதி எழுதும்போது ஒரு சந்தேகம் தட்டியது. மின்கம்பிகளுக்குச் சுற்றும் கறுப்பு நாடாவில் ஒரு துண்டு வெட்டிப் பாத்திரத்தின் பக்கத்தில் ஒட்டி, ஒரு நிமிடம் பொறுத்து, அந்தக் கறுப்புச் சதுரத்தை நோக்கி அழுத்தினேன். 96. நாடாவிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி, பளபளப்பில், மறுபடியும் 41. கடிதத்தை அழித்துவிட்டேன்.

எல்லாப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்ப ஓயாமல் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கிறது; ஆனால் எல்லாப் பரப்பும் ஒரே தாராளத்தோடு வீசுவதில்லை. தோல், மரம், காகிதம், கறுப்பு நாடா, சுண்ணாம்புச் சுவர் ஆகியவை வீசக்கூடியதில் தொண்ணூறு விழுக்காட்டையோ அதற்கு மேலோ வீசிவிடும். பளபளப்பான எவர்சில்வர் பத்தில் ஒரு பங்கு வீசினால் பெரிது. எஞ்சியதெல்லாம் எதிரே இருப்பவற்றின் பிரதிபலிப்பு. என் கருவி பாத்திரத்தின் சூட்டைக் கொஞ்சமும், பாத்திரத்தில் கண்ணாடிபோல விழுந்த சமையலறைச் சுவரின் சூட்டை அதிகமும் கலந்து படித்து 41 என்று சொல்லியிருக்கிறது. 1804-இல் ஜான் லெஸ்லி இதையே ஒரு கனசதுர உலோகப் பெட்டியில் காட்டியிருக்கிறார்: உள்ளே வெந்நீர், ஒரு முகம் மெருகேற்றியது, ஒரு முகம் கரி பூசியது, நான்கு பக்கமும் ஒரே சூடு, ஆனால் ஒவ்வொரு முகத்துக்கும் எதிரே வந்து சேரும் கதிர் வேறு வேறு. இருநூறு ஆண்டு கழித்து ஒரு நாடாத் துண்டை வைத்துக்கொண்டு நான் அதைக் ‘கண்டுபிடித்திருக்கிறேன்’.

இதில் அளவுகள்தான் என்னை அசத்தின. 33 டிகிரியில் இருக்கும் தோல், சதுர மீட்டருக்குச் சுமார் 500 வாட் வீதம் வீசிக்கொண்டிருக்கிறது. இது அப்படியே இழப்பாக இருந்தால் நாம் சிறிது நேரத்தில் விறைத்துப்போவோம். சுற்றிலும் 25 டிகிரியில் இருக்கும் சுவர்கள் 450 வாட் அளவுக்குத் திருப்பி வீசுவதால், நிகர இழப்பு 50 வாட்டோடு நின்றுவிடுகிறது. நாம் காற்றோடு மட்டும் பேரம் பேசிக்கொண்டிருக்கவில்லை. சுவரோடும் கூரையோடும் தரையோடும் இடைவிடாத கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டிருக்கிறது. அறைக் காற்றின் வெப்பநிலை ஒன்றாகவே இருந்தாலும், ஒரு நாள் இதமாகவும் ஒரு நாள் கனலாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு ஏறுவதை விளக்கும்போது, ஒளியை உள்ளே விட்டுவிட்டு அகச்சிவப்புக் கதிரை வெளியே விடாமல் கண்ணாடி பிடித்துவைத்துக்கொள்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். 1909-இல் ராபர்ட் வுட் என்னும் அமெரிக்க இயற்பியலாளர் இரண்டு பெட்டிகள் செய்து, ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றொன்றை அகச்சிவப்பையும் கடந்துபோக விடும் உப்புப் படிகத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் சூடேறின. கண்ணாடி அகச்சிவப்பைத் தடுப்பது உண்மைதான். ஆனால் அங்கே பெரிய வேலை, சூடான காற்று வெளியேறிக் குளிர்ந்த காற்று உள்ளே வராமல் மூடி வைப்பதுதான். ஜன்னலை இரண்டு விரல் அகலம் இறக்கி வைத்தால் சூடு ஓரளவு குறைவதும் அதனால்தான். ஓரளவுதான், அதை நம்பி யாரையும் உள்ளே விட்டுவிட்டுப் போகக் கூடாது.

மூன்று வழிகளையும் ஒரே இடத்தில் அடைத்துப் பார்க்க வேண்டுமென்றால் பிளாஸ்க்தான். ஜேம்ஸ் டூவர் 1892-இல் அதைச் செய்தது சூடான பானத்துக்காக அல்ல. கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களைச் சேமிக்க. இரண்டு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம், கடத்தலுக்கும் சலனத்துக்கும் ஆள் இல்லை. சுவர்களில் வெள்ளிப் பூச்சு, கதிர்வீச்சுக்கு வாய்ப்பில்லை. மிச்சம் இருப்பது இரண்டு சுவர்களும் சேரும் கழுத்தும் மூடியும்தான். எவர்சில்வர் பிளாஸ்க்கில் கழுத்து உலோகமாக இருந்தும் சமாளிப்பது, முன்பு சொன்ன அந்த 15 என்ற எண்ணின் புண்ணியம்.

எங்கள் வீட்டு பிளாஸ்க் ஒரு முறை மாடிப்படியில் உருண்டது. பக்கத்தில் சின்ன நசுங்கலைத் தவிர வேறு சேதம் தெரியவில்லை. மறுநாள் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் கழித்துத் தூக்கியபோது, வெளிச்சுவர் கைக்கு வெதுவெதுவென்று இருந்தது. நல்ல பிளாஸ்க் அப்படி இருக்காது. உள்ளே கொதிநீர் இருப்பதே வெளியே தெரியக் கூடாது. எங்கோ மயிரிழை விரிசலில் காற்று உள்ளே புகுந்திருக்கிறது. 95 டிகிரியில் ஊற்றிய நீர் ஆறு மணி நேரத்தில் 45-க்கு வந்துவிட்டது. இப்போது அது தண்ணீர் பாட்டிலாக ஓய்வு வாழ்க்கை வாழ்கிறது. புதிதாக வாங்கும்போது முடிந்தால் கடையிலேயே வெந்நீர் ஊற்றித் தொட்டுப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. விற்பவர்கள் விரும்புவதில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியாக, துப்பாக்கி வெப்பமானியைத் தலைக்கு மேலே நீட்டிய கதை. எங்கள் வீட்டுக்கு மேல் மாடி இல்லை. வெறும் கான்கிரீட் தளம், அதன் மேல் வெயில். பிற்பகல் இரண்டு மணிக்கு மொட்டைமாடித் தரை 58 டிகிரி. அதே நேரம் கீழே அறைக் கூரையின் உட்பக்கம் 35. இரவு ஒன்பது மணிக்கு மாடித்தரை 33-க்கு இறங்கியிருக்க, உட்கூரை 40-க்கு ஏறியிருந்தது. முதலில் இதையும் கருவியின் கோளாறு என்றே நினைத்தேன். ஆனால் சுண்ணாம்பு பூசிய கூரை பளபளப்பதில்லை.

ஒரு திண்மப் பொருளுக்குள் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்ற கணக்கை 1822-இல் வெளியிட்ட ஜோசப் ஃபூரியே, இப்படி நாள்தோறும் ஏறி இறங்கும் சூட்டையும் ஓர் அலையாகவே பார்த்தார். பகலின் உச்சச் சூடு கான்கிரீட்டுக்குள் ஓர் அலைபோல இறங்குகிறது. இறங்க இறங்க மெலிகிறது, தாமதமும் ஆகிறது. 12 சென்டிமீட்டர் தடிமனுள்ள தளத்தைக் கடக்கத் தோராயமாக மூன்று நான்கு மணி நேரம். அதன் பின்னும், வெளியேற வழி பார்த்து அது நெடுநேரம் அங்கேயே தங்கிவிடுகிறது. ஓரிடத்தில் ஏற்பட்ட சூடு பரவும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப்போல வளரும் என்பதும் அவர் சமன்பாட்டிலிருந்து வருவதுதான்: தடிமன் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்கு. ஆண்டு முழுவதுக்குமான கோடை, குளிர் என்ற பேரலையோ மண்ணுக்குள் சில மீட்டர் இறங்கும்போது பல மாதங்கள் பிந்திவிடுகிறது. வெளியே கோடை கொளுத்தும்போது அந்த ஆழத்தில் குளிர்காலம் இன்னும் முடிந்திருக்காது.

ஆக இரவு ஒன்பது மணிக்கு எங்கள் படுக்கைக்கு மேலே, 40 டிகிரியில், அறையின் நீள அகலத்துக்கு ஓர் அடுப்பு தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. சதுர மீட்டருக்கு 540 வாட்டுக்கு மேல் கீழே வீசுகிறது. என் தோல் வீசும் 500-ஐவிட அதிகம். அதற்கு நேர் கீழே விசிறி, கூரையை ஒட்டித் தேங்கிய சூடான காற்றையே வாரி என் மேல் இறைக்கிறது. மாலையிலேயே மாடித் தரையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். ஒரு கிராமுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஜூல் எடுத்துக்கொண்டு அது சீறிப் பறந்தது, உட்கூரை இரண்டு டிகிரி குறைந்தது. ஆனால் தினமும் அதற்குச் செலவாகும் தண்ணீரை நினைத்தால் மனம் வரவில்லை. மாடித் தரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்து, பத்து நாள் அளந்து பார்த்ததில், பிற்பகல் இரண்டு மணியின் 58 இப்போது 44-ஐத் தாண்டுவதில்லை. இரவு உட்கூரை 35-இல் நிற்கிறது. கரித்துணியை மேடைக்கு எட்டாத ஓர் ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன்.